பிக்கப் வண்டி கைமாறும் விலை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நடுத்தர அளவுள்ள பிக்கப் வண்டி ஒன்றைப் புதிதாக வாங்க எண்ணியிருக்கிறேன். கார்களின் விலை சரிவதுபோல இந்த வண்டிகளின் விலை சரிவதில்லை என்று பலரும் சொல்கிறார்கள். இது உண்மைதானா? உண்மையென்றால் அதற்கு என்ன காரணம்?

பதில்: பெரும்பாலும் உண்மைதான். சாதாரணக் கார் ஒன்று முதல் ஆண்டிலேயே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு விலையை இழக்கும், ஐந்தாண்டு முடிவில் பாதி விலைக்கு வந்து நிற்கும் என்பது பொதுவான கணக்கு. நல்ல பெயருள்ள நடுத்தர பிக்கப் வண்டிகள் இந்தக் கணக்கைவிட மெதுவாகவே இறங்குகின்றன. அமெரிக்காவின் கெல்லி புளூ புக் நிறுவனம் வெளியிடும் மறுவிற்பனை மதிப்பீடுகளில் டொயோட்டா டகோமா பல ஆண்டுகள் முன்னிலையில் இருந்துவந்திருக்கிறது.

முதற்காரணம் வண்டியின் அமைப்பு. இவற்றில் பெரும்பாலானவற்றின் உடற்பகுதி, இரண்டு நீளமான உருக்கு விட்டங்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த தனிச் சேஸிஸின் மேல் போல்ட்டுகளால் பொருத்தப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ ஒரு டன் சுமையைத் தாங்குவதற்காக வடிவமைக்கப்பட்ட இந்தச் சேஸிஸும் அச்சும் லீஃப் ஸ்பிரிங்கும், அன்றாடம் இரண்டு பேரும் சில மூட்டைகளும் மட்டுமே ஏறும் வண்டியில் தம் வலிமையின் ஒரு பகுதியைத்தான் செலவிடுகின்றன. அதனால் பத்தாண்டு கடந்த வண்டியும் வேலைக்கு உதவும். வேலைக்கு உதவும் பொருளின் விலை ஓர் அளவுக்குக் கீழே போவதில்லை, ஏனெனில் அதை வாங்குபவர் அழகைப் பார்த்து வாங்குவதில்லை, அது ஈட்டித்தரப்போகும் வருமானத்தைக் கணக்கிட்டு வாங்குகிறார்.

இரண்டாவது காரணம் சந்தையில் கிடைக்கும் வண்டிகளின் எண்ணிக்கை. இதற்கு அமெரிக்கச் சந்தையே தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே 1964 முதல் இறக்குமதியாகும் இலகுரக டிரக்குகளின்மீது 25 சதவீதச் சுங்கவரி நடைமுறையில் இருந்துவருவதால், வெளிநாட்டு நிறுவனங்கள் நினைத்தவுடன் புதிய பிக்கப்பைக் கொண்டுவந்து இறக்கிவிட முடியவில்லை. போதாக்குறைக்கு, 2011, 2012 ஆண்டுகளில் ஃபோர்டு ரேஞ்சர், டாட்ஜ் டகோட்டா, செவ்ரோலே கொலராடோ ஆகிய மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக அந்தச் சந்தையை விட்டு விலகின. டகோமாவுக்கும் நிசான் ஃபிரான்டியருக்கும் ஏறத்தாழப் போட்டியே இல்லாத நிலை ஏற்பட்டு, பழைய வண்டிகளின் விலையும் உறுதியாக நின்றது. பின்னர் 2015 மாடலாகக் கொலராடோவும், 2019 மாடலாக ரேஞ்சரும், 2020 மாடலாக ஜீப் கிளாடியேட்டரும் வந்தபின் வாங்குபவரின் கை சற்று ஓங்கியது. வண்டியின் தரம் மட்டுமே மறுவிற்பனை விலையைத் தீர்மானிக்கிறது என்று எண்ணுபவர்கள் இந்த வரலாற்றைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

மாடல்கள் மெதுவாக மாறுவதும் உதவுகிறது. 2005இல் வந்த ஃபிரான்டியரின் வடிவம் 2021 வரை பெரிய மாற்றமின்றித் தொடர்ந்ததால், பத்தாண்டுப் பழைய வண்டிகூடச் சாலையில் பழையதாகத் தோன்றவில்லை, உதிரிபாகங்களுக்கும் பஞ்சம் வரவில்லை.

இவ்வளவும் எல்லா பிக்கப்புக்கும் ஒரே அளவில் பொருந்தாது. நான்கு சக்கர இயக்கமும் இரண்டு வரிசை இருக்கைகளுள்ள டபுள் கேபினும் கொண்ட வண்டியை, தொழிலுக்கு வண்டி தேவைப்படுபவரும் தேடுவார், குடும்பத்தினரும் தேடுவார். இரு சக்கர இயக்கமுள்ள ஒற்றைக் கேபின் வண்டியைத் தேடுபவர் ஒரு பிரிவினர் மட்டுமே. அதேபோல, உங்கள் வட்டாரத்தில் உதிரிபாகமும் பழுதுபார்ப்பவரும் கிடைக்காத வண்டி, உலகப் புகழ் பெற்றதாக இருந்தாலும் விற்கும்போது உங்களைக் காத்திருக்க வைக்கும்.

கேள்வி: மூன்று ஆண்டு ஓடிய வண்டியை வாங்கினால் பெரிய சரிவை முதல் உரிமையாளரே சுமந்திருப்பார் என்று எண்ணித் தேடினேன். ஆனால் பெயர்பெற்ற மாடல்களின் பழைய விலை, புதிய விலைக்கு மிக அருகில் நிற்கிறது. எதை வாங்குவது?

பதில்: மறுவிற்பனை மதிப்பைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் விற்பவரின் பக்கம் நின்றே எழுதுகிறார்கள். பழைய வண்டியை வாங்குபவருக்கு அதே மதிப்பு ஒரு சுமை என்பதை உங்கள் கேள்வி சரியாகச் சுட்டுகிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. புதிய விலை 100 என்று கொள்வோம். பெயர்பெற்ற வண்டி மூன்றாம் ஆண்டில் 85க்கும், ஐந்தாம் ஆண்டில் 68க்கும், எட்டாம் ஆண்டில் 52க்கும் விற்கிறது. புதிதாக வாங்கி ஐந்தாண்டு வைத்திருப்பவர் 32 இழக்கிறார். மூன்றாண்டு வண்டியை 85க்கு வாங்கி, அவரும் ஐந்தாண்டு வைத்திருந்து 52க்கு விற்றால் 33 இழக்கிறார். இழப்பு ஏறத்தாழ ஒன்றே. ஆனால் முதலாமவருக்கு முழு உத்தரவாதமும் புதிய டயரும் புதிய பேட்டரியும் கிடைத்தன, இரண்டாமவருக்கு எட்டாம் ஆண்டின் பழுதுச் செலவுகள் கிடைத்தன. இனி, அவ்வளவு பெயரெடுக்காத, ஆனால் எந்திரக் கோளாறு என்று எதுவும் பேசப்படாத வேறொரு வண்டி மூன்றாம் ஆண்டில் 62க்கும் எட்டாம் ஆண்டில் 38க்கும் விற்கிறது என்று கொள்வோம். அதைப் பழையதாக வாங்குபவரின் இழப்பு 24 மட்டுமே.

ஆகவே, விலை குறையாத வண்டியைப் புதிதாக வாங்குங்கள், விலை குறைந்துபோன நல்ல வண்டியைப் பழையதாக வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. கடனில் வாங்குபவராக இருந்தால் வட்டியையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். அதிக விலைக்கு அதிகக் கடன், அதிகக் கடனுக்கு அதிக வட்டி என்று போகும்போது, பின்னால் கிடைக்கும் நல்ல விலையின் ஒரு பகுதியை வங்கி முன்கூட்டியே எடுத்துக்கொண்டிருக்கும். சதவீதத்தை மட்டும் பார்க்காமல், கையிலிருந்து போன தொகையையும் கைக்குத் திரும்பிய தொகையையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

கேள்வி: என்னுடைய பன்னிரண்டு ஆண்டு வயதுள்ள பிக்கப்பை விற்க முயன்றேன். பெயிண்ட் பளபளப்பாக இருக்கிறது, எஞ்சினும் சீராக ஓடுகிறது. வாங்க வந்தவரின் மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துச் சேஸிஸைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். துருவுக்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?

பதில்: அந்த மெக்கானிக் தம் கடமையைச் செய்திருக்கிறார். எஞ்சின் பழுதானால் மாற்றிவிடலாம், கியர்பாக்ஸையும் மாற்றிவிடலாம். சேஸிஸ் அரித்துப்போனால் எல்லாவற்றையும் தாங்கும் அடிப்படையே போய்விடுகிறது. பெட்டி வடிவ விட்டங்களுக்குள் புகும் சேறும் ஈரமும் உப்பும் எளிதில் வெளியேறுவதில்லை. அதனால் துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வருகிறது. வெளிப்புறம் கறுப்பு வண்ணத்துடன் நன்றாகத் தெரியும்போதே உலோகம் மெலிந்திருக்கும். நல்ல உலோகத்தைத் தட்டினால் கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மந்தமாக ஒலிக்கும், சில வேளை சுத்தியலே உள்ளே இறங்கிவிடும்.

இது பெரிய நிறுவனங்களையும் உலுக்கிய சிக்கல். 1995 முதல் 2000 வரையிலான டகோமா வண்டிகளின் சேஸிஸ் துருப்பிடிப்பதாகப் புகார்கள் குவிந்ததால், 2008இல் டொயோட்டா அமெரிக்காவில் அந்த வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டுப் பாதுகாப்பை அறிவித்து, சீர்செய்ய முடியாத வண்டிகளைச் சந்தை மதிப்பின் ஒன்றரை மடங்கு கொடுத்துத் திரும்பப் பெற்றுக்கொண்டது. பின்னர் 2005 முதல் 2010 வரையிலான டகோமா உள்ளிட்ட வண்டிகளுக்காக 2016இல் நீதிமன்ற வழக்கில் உடன்பாடு ஏற்பட்டு, பல வண்டிகளுக்குப் புதிய சேஸிஸ் பொருத்தப்பட்டது. இன்று அந்த ஆண்டுகளின் வண்டியைத் தேடுபவர்கள் முதலில் கேட்பது, சேஸிஸ் மாற்றிய ஆவணம் இருக்கிறதா என்பதைத்தான்.

உங்கள் வண்டியைப் பொறுத்தவரை, லீஃப் ஸ்பிரிங்கின் முனைகள் சேஸிஸுடன் சேரும் இடங்கள், எரிபொருள் தொட்டிக்கு மேற்பகுதி, ஸ்டெப்னி தொங்கும் குறுக்குச் சட்டம் ஆகியவற்றைத் தகுதியுள்ள ஒருவரைக் கொண்டு சோதித்து, அவர் சொல்வதை எழுத்தில் பெறுங்கள். மேற்பரப்புத் துரு மட்டுமே என்றால் அந்த அறிக்கையே உங்களுக்கு வாங்குபவரைக் கொண்டுவரும். ஓட்டை விழுந்திருந்தால், ஒட்டுத் தகடு வைத்து வெல்டிங் செய்து மேலே கறுப்பு வண்ணம் அடித்து மறைத்து விற்காதீர்கள். அந்த வண்டியில் நாளை ஒரு குடும்பம் பயணம் செய்யும். இருக்கும் குறையைச் சொல்லி, எஞ்சினுக்கும் உதிரிபாகங்களுக்கும் உரிய விலையில் கொடுத்துவிடுவதே நேர்மையான வழி. பழைய வண்டியின் அடிப்பகுதியில் மட்டும் புத்தம்புதிய வண்ணம் தெரிந்தால், அனுபவமுள்ளவர்கள் எப்படியும் ஐயத்துடன்தான் பார்ப்பார்கள்.

இன்னும் புதிய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு: கடலோரத்திலோ பனி உருகுவதற்காக உப்புத் தூவிய சாலையிலோ ஓடினால் அடிப்பகுதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். சேஸிஸின் வடிகால் துளைகளை அடைபடாமல் வையுங்கள். ஆண்டுக்கொரு முறை மெழுகோ லானோலின் என்னும் ஆட்டுக் கம்பளிக் கொழுப்போ கலந்த எண்ணெயை உட்புறமும் தெளித்துவிடுங்கள். ஏற்கெனவே துரு தொடங்கிய இடத்தில் தடித்த ரப்பர் பூச்சைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு அரிப்பு விரைவுபடும்.

கேள்வி: டீசல் வண்டிதான் நல்ல விலைக்குப் போகும் என்கிறார்கள். எனக்கு அன்றாடம் சில கிலோமீட்டர் தொலைவு மட்டுமே ஓட்டம். டீசல் வாங்கலாமா?

பதில்: வேண்டாம் என்பேன். இக்கால டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. சேர்ந்த கரியை எரித்துத் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ள, புகை நன்கு சூடாகி அந்தச் சூடு சில நேரம் நீடிக்க வேண்டும். அதற்குத் தடையற்ற சாலையில் தொடர்ந்த ஓட்டம் தேவை. எஞ்சின் சூடேறுவதற்குள் நிறுத்திவிடும் குறுந்தொலைவு ஓட்டத்தில் வடிகட்டி அடைத்துக்கொள்கிறது.

நீண்ட ஓட்டத்திலேயே இந்த வடிகட்டி தொல்லை கொடுத்த வழக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை விற்பனையான டொயோட்டாவின் ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், பிராடோ டீசல் வண்டிகள் 2,60,000க்கும் மேற்பட்டவற்றைப் பற்றிய கூட்டு வழக்கில், வடிகட்டி அமைப்பின் குறைபாட்டால் வண்டிகளின் மதிப்பு 17.5 சதவீதம் குறைந்ததாக 2022இல் அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் 2023இல் அது 10 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2024இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக விளங்கும் உயர் நீதிமன்றம், இழப்பை மறுபடி மதிப்பிடுமாறு வழக்கைத் திருப்பி அனுப்பியது. மறுவிற்பனைக்குப் பெயர்போன ஹைலக்ஸுக்கே ஒரு பாகத்தின் குறை இவ்வளவு மதிப்பிழப்பை ஏற்படுத்தக்கூடும் என்றால், பெயரை மட்டும் நம்பி வாங்குவது போதாது. உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோல் எஞ்சினே பொருந்தும்.

கேள்வி: வண்டியை உயர்த்தி, பெரிய டயரும் முன்புறத்தில், சிக்கிய வண்டியைக் கம்பிவடத்தால் இழுக்கும் வின்ச்சும் பொருத்த நினைக்கிறேன். செலவு செய்த பணம் விற்கும்போது திரும்பி வருமா?

பதில்: பெரும்பகுதி வராது. உங்கள் விருப்பத்துக்காகச் செய்வதென்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் கழற்றிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர், சக்கரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, விற்கும் நாளில் வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். உயர்த்தப்பட்ட வண்டியைப் பார்ப்பவர், அது எந்தப் பாறையில் ஏறி இறங்கியதோ என்றுதான் முதலில் எண்ணுவார். வண்டியின் பின்புறம் சரக்கேற்றும் தொட்டியை மூடும் உறையும் அதன் உட்பக்கப் பாதுகாப்புத் தகடும் இதற்கு விலக்கு. அவற்றை எல்லோரும் விரும்புகிறார்கள்.

கேள்வி: வண்டியின் நிறம் விலையைப் பாதிக்குமா?

பதில்: ஓரளவு பாதிக்கும். வெள்ளை, சாம்பல், கறுப்பு ஆகியவற்றை மறுப்பவர் குறைவு என்பதால் அவை விரைவில் விற்கும்.

கேள்வி: என் வண்டியின் புதிய தலைமுறை மாடல் வந்துவிட்டது. விலை விழுவதற்குள் விற்றுவிட வேண்டுமா?

பதில்: புதிய மாடல் வந்ததும் பழையது சற்று இறங்குவது இயல்பு. ஆனால் எஞ்சின் மாறும்போது நிலைமை வேறாகலாம். 2024 மாடல் டகோமாவில் பழைய 3.5 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சினுக்குப் பதிலாக 2.4 லிட்டர் டர்போ நான்கு சிலிண்டர் எஞ்சின் வந்தபோது, பழக்கப்பட்ட பழைய எஞ்சினையே தேடிய ஒரு சாரார் இருக்கத்தான் செய்தார்கள். வண்டி உங்களுக்கு இன்னும் பயன்படுகிறதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். விற்றுவிட்டு அதே சந்தையில்தான் நீங்கள் வேறொன்றை வாங்க வேண்டியிருக்கும். 2021இல் மின்னணுச் சிப்களின் தட்டுப்பாட்டால் புதிய வண்டிகள் கிடைக்காமல் பழைய வண்டிகளின் விலை தாறுமாறாக ஏறியபோது நல்ல விலைக்கு விற்றவர்கள் பலர். ஆனால் உடனே மற்றொன்றை வாங்கியவர்கள் அந்த இலாபத்தை அங்கேயே கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: விற்பதற்கு முன் எந்தச் செலவைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம்?

பதில்: கழுவித் துடைத்து, எரியாத விளக்கையும் வேலை செய்யாத கண்ணாடி சுவிட்சையும் சரிசெய்யுங்கள். தொட்டியில் உள்ள கீறல்களை அப்படியே விடுங்கள், அது வேலை செய்த வண்டி என்பது எல்லோருக்கும் தெரியும். நான்கு சக்கர இயக்கத்தைச் சில மாதங்களாகப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால், ஈரமான மண் தரையில் அதைப் பூட்டியும் விடுவித்தும் சில நிமிடம் ஓட்டிப் பாருங்கள். வாங்குபவர் முன்னிலையில் முதன்முறையாக அது சிக்கிக்கொண்டால் பேச்சு அத்தோடு முறிந்துவிடும்.

எஞ்சின் எண்ணெய் மட்டுமன்றி, சக்கரங்களுக்கு விசையைப் பிரித்தளிக்கும் டிஃபரென்ஷியல், டிரான்ஸ்ஃபர் கேஸ் ஆகிய பற்சக்கரப் பெட்டிகளின் எண்ணெய்களையும் மாற்றிய ரசீதுகள் இருந்தால் தேதிவாரியாக அடுக்கி ஒரு கோப்பில் வையுங்கள். ஓடோமீட்டரைத் திருத்துவது பரவலாக நடக்கும் மோசடி என்பதால், ஒவ்வொரு ரசீதிலும் குறிக்கப்பட்ட கிலோமீட்டர்தான் உங்கள் வண்டியின் ஓட்டத்துக்குச் சாட்சி. ஷோரூம் எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால் அந்தக் கோப்புக்குத் தனி விலை பெரும்பாலும் கிடைக்காது. நேரடியாக வாங்குபவர் ஒருவர் வரும்வரை சில வாரம் பொறுத்திருக்க முடிந்தால்தான் அதன் பலன் உங்கள் கைக்கு வரும்.