மேனேஜர் என்றால் துணிச்சல் இல்லாதவரா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். எங்கள் முதலாளி ரெண்டு மெஷினோடு ஆரம்பித்து இந்த அளவுக்கு வந்தவர். எட்டு லைனுக்குத்தான் (தையல் மெஷின் வரிசை) ஆள் இருக்கிறது என்று தெரிந்தும் பன்னிரண்டு லைனுக்கான ஆர்டரை எடுத்துவிட்டு வருவார். கணக்கைக் காட்டினால், "உனக்கு மாசச் சம்பளப் புத்தி, அதான் பயப்படறே" என்பார். நண்பர்களும் எத்தனை நாள் அடுத்தவனுக்கு உழைப்பாய் என்கிறார்கள். மேனேஜர் என்பவர் துணிச்சல் வராத முதலாளிதானா? வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக ஆரம்பிக்கலாமா என்று யோசிக்கிறேன்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

உங்கள் முதலாளி சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வங்கி நடத்திய ரிச்சர்ட் காண்டில்லான், தொழில்முனைவோரை வருமானம் நிச்சயமில்லாதவர் என்று வரையறுத்தார். தெரிந்த விலைக்கு வாங்கி, தெரியாத விலைக்கு விற்கிறவர். உங்கள் ஊரில் இது தலைகீழ். பையரிடம், அதாவது சரக்கை வாங்குகிறவரிடம், முன்பே விலை பேசி முடிந்துவிடும். நூல் விலைதான் யார் கையிலும் இல்லை. 2022இல் நூல் விலை ஏறித் திருப்பூரே வேலைநிறுத்தம் செய்ததே, அப்போது பழைய விலைக்கு ஆர்டர் ஒப்புக்கொண்டிருந்தவர்களுக்குக் கை கடித்தது. உங்கள் சம்பளம் அந்த மாதமும் வந்திருக்கும். நஷ்டம் யார் வீட்டுக்குப் போகிறதோ அவர்தான் முதலாளி. அந்த மரியாதையை அவருக்குக் கொடுத்துத்தான் ஆகவேண்டும்.

ஆனால் அதை வைத்து மேனேஜர் பயந்தவர் என்பது தப்பு. அமெரிக்கக் கார் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸ் கதையைப் பாருங்கள். அதைத் தொடங்கிய வில்லியம் டியூரன்ட், மிச்சிகனில் ஃபிளின்ட் ஊரில் குதிரை வண்டி செய்து விற்றவர். 1904இல், தத்தளித்துக்கொண்டிருந்த பியூக் கம்பெனியைக் கையில் எடுத்தார். 1908இல் ஜெனரல் மோட்டார்ஸை ஆரம்பித்து, ஓல்ட்ஸ்மொபில், காடிலாக் என்று வரிசையாக வாங்கிப் போட்டார். 1910இல் கடன் கழுத்தை நெரித்தது; வங்கிக்காரர்கள் அவரை ஓரங்கட்டிவிட்டுத்தான் பணம் கொடுத்தார்கள். மனுஷன் அசரவில்லை. அடுத்த வருஷமே லூயி செவ்ரலேயோடு சேர்ந்து செவ்ரலே கம்பெனியைத் தொடங்கினார். அதன் பலத்தில் 1916இல் ஜெனரல் மோட்டார்ஸையே மறுபடி பிடித்தார். கணக்குப் பார்த்து நடக்கிற யாரும் இதைச் செய்திருக்க மாட்டார்கள்.

சரி, உள்ளே எப்படி இருந்தது? பியூக், காடிலாக் என்று ஒவ்வொரு பிரிவும் தன் பணத்தைத் தன் வங்கிக் கணக்கிலேயே வைத்திருந்தது. வரி கட்டவோ பங்குதாரர்களுக்கு டிவிடெண்ட் (லாபப் பங்கு) கொடுக்கவோ தலைமை அலுவலகத்துக்குப் பணம் வேண்டுமென்றால், பொருளாளர் பிரிவுகளிடம் போய்க் கேட்க வேண்டும். பியூக்கில் கையிருப்பு எவ்வளவு என்பதையே லேசில் சொல்ல மாட்டார்கள். பொருளாளர் பியூக் இருந்த ஃபிளின்ட்டுக்குப் போய், வேறு விஷயமெல்லாம் பேசிவிட்டு, நடுவில் மெதுவாகப் பணப் பேச்சை எடுப்பார். "இவ்வளவா!" என்று அவர்கள் ஆச்சரியப்படுவார்கள். அப்புறம் பேரம். ஒரே கம்பெனிக்குள்!

1920இல் கார் விற்பனை படுத்தது. பிரிவுகள் இஷ்டத்துக்கு வாங்கிக் குவித்த சரக்கெல்லாம் தேங்கியது. சரிந்த பங்கு விலையைத் தாங்கிப் பிடிக்க டியூரன்ட் கடன் வாங்கித் தானே பங்குகளை வாங்கித் தள்ளினார். நவம்பரில் கம்பெனியைவிட்டே போக வேண்டியதாயிற்று.

அவருக்குக் கீழே இருந்தவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். பேரிங் கம்பெனி நடத்தியவர்; டியூரன்ட் அதை வாங்கியபோது கூடவே வந்தார். எந்தப் பிரிவு எதைத் தானே முடிவு செய்யலாம், எதைத் தலைமையிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்று ஒரு திட்டம் எழுதி டியூரன்ட் கையில் கொடுத்தார். டியூரன்ட் நன்றாக இருக்கிறது என்றார். அதோடு சரி. 1920 கோடையில் ஸ்லோனும் உங்களைப் போல வேலையை விடும் யோசனையில் இருந்தார். ஒரு மாதம் லீவு போட்டு ஐரோப்பா போய்விட்டு வந்தார், கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம் என்று இருந்துவிட்டார். டியூரன்ட் போன பிறகு அந்தத் திட்டம்தான் கம்பெனியின் அமைப்பே ஆனது. 1923இல் ஸ்லோன் தலைவரானார். 1927இல் ஹென்றி ஃபோர்டு தன் மாடல் டி காரையே நிறுத்தினாரே, அந்த நிலைமைக்கு அவரைத் தள்ளியதில் ஸ்லோனின் செவ்ரலேவுக்குப் பெரிய பங்கு உண்டு. இதைத் துணிச்சல் இல்லாதவர் செய்த வேலை என்று யார் சொல்வார்கள்?

டியூரன்ட் 1936இல் திவாலானார். கடைசிக் காலத்தில் ஃபிளின்ட்டில் பௌலிங் விளையாட்டுக் கூடம் நடத்தினார். நஷ்டம் அவர் வீட்டுக்குத்தான் போனது. அதனால்தான் எனக்கு அவர் மேலேயும் மதிப்பு குறையவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பன்னிரண்டு லைன் ஆர்டரை எட்டு லைனில் முடிக்கும்போது, மீதி நாலு லைன் வேலையை ராத்திரி உட்கார்ந்து தைக்கிறவர்கள் டெய்லர்கள். முதலாளி எடுத்த ரிஸ்க் அவர்கள் தூக்கத்தில் கழிகிறது. கப்பலில் போக வேண்டிய சரக்கு லேட்டாகி விமானத்தில் போனால் லாபமும் அதிலேயே போய்விடும். இதை எடுத்துச் சொல்வது பயம் ஆகாது. அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைத்திருப்பதே இதற்காகத்தான்.

சொந்தமாக ஆரம்பிப்பது பற்றி. என்ன செய்யப் போகிறீர்கள், யாருக்கு விற்கப் போகிறீர்கள் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. லைன் கணக்கு இருக்கிறது, ஆள் கணக்கு இருக்கிறது. உங்கள் மனசு அதில்தான் இருக்கிறது. குத்திக்காட்டினார்கள் என்பதற்காக வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் பேங்கில் வைக்காதீர்கள். விற்க ஒரு பொருளும் வாங்க ஓர் ஆளும் உங்கள் கண்ணுக்குத் தெரிகிற நாளில் மறுபடி யோசிக்கலாம்.

அதுவரை ஒன்று செய்யுங்கள். போன சீசனில் லேட்டான ஷிப்மெண்ட்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் விமானக் கூலி, ஓவர்டைம், பையர் பிடித்த பணம் எவ்வளவு என்று ஒரே தாளில் எழுதி முதலாளியிடம் கொடுங்கள். கூடவே, எட்டு லைனுக்கு மேல் ஆர்டர் வந்தால் ஒப்புக்கொள்ளும் முன் உங்களிடம் ஒரு நாள் கேட்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். பணமாகப் பார்த்தால் அவருக்குப் புரியும். ரெண்டு மெஷினில் ஆரம்பித்தவர் அவர். அதற்கும் அவர் மசியவில்லை என்றால் அந்தக் கம்பெனியை விடுங்கள். உங்களைப் போல லைன் கணக்குத் தெரிந்தவருக்குத் திருப்பூரில் வேறு கம்பெனியா கிடைக்காது?