தட்டைத் திருப்பும் இடம்

அன்புள்ள ஐயா,

வெள்ளவத்தையில் இருக்கிறேன். வயது 34. அப்பா போய் இரண்டு வருடமாகிறது. அவர் சேர்த்த இசைத்தட்டுகள் இருநூறுக்கு மேல் வீட்டில் இருக்கின்றன. சிறு வயதிலிருந்து அவருடன் உட்கார்ந்து கேட்டவை. அடுத்த மாதம் தொடர்மாடி வீட்டுக்கு மாறுகிறோம், அங்கே இவ்வளவுக்கும் இடமில்லை. மொத்தமாக விற்றுவிடச் சொல்கிறார் அத்தான். சர்ஜிக்கல் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் பளபளவென்று வரும், விலையும் கூடும் என்கிறார்.

இன்னொன்று. போன மாதம் கொழும்பில் நடந்த ஓர் இசை நிகழ்ச்சிக்கு ஒன்பதாயிரம் ரூபாய் கொடுத்துப் போனேன். அப்பாவுக்கு உயிரான பாடகர். ஒரு பாட்டுக்கூடத் தட்டில் இருப்பதுபோல இல்லை. சுருதியைக் குறைத்துப் பாடினார், இல்லாத சங்கதியெல்லாம் போட்டார், ஒரு சரணத்தைச் சனங்களைப் பாடச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். முன்னால் இருந்தவர்கள் எல்லாரும் கைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி. பாதியில் எழுந்து வந்து, வீட்டில் தட்டைப் போட்டுக் கேட்ட பிறகுதான் மனம் ஆறியது. அசல் வீட்டிலேயே இருக்கும்போது இனி நிகழ்ச்சிக்கு எதற்குப் போக வேண்டும்?

ர., வெள்ளவத்தை

அன்புள்ள ர.,

முதலில் அந்த ஸ்பிரிட் போத்தலைப் பூட்டி வையுங்கள். மற்றதைப் பிறகு கதைக்கலாம்.

அப்பாவின் தட்டுகளில் பாரமான, வளைத்தால் முறிந்துவிடுகிற ஒரு சாதி இருக்கும். அவை நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டுகள், அரக்கில் செய்தவை. தச்சர்கள் தளபாடத்துக்குப் பூசும் பழைய பொலிஷும் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குத்தான். அத்தான் சொன்னபடி துடைத்தீர்களென்றால் பாட்டைத் துணியில் எடுத்துவிடுவீர்கள். பளபளப்பு வரும், அதில் சந்தேகமில்லை. பிறகு வந்த எல்.பி., ஈ.பி. தட்டுகள் எல்லாம் வினைல் என்ற பிளாஸ்டிக், அதற்கு அந்த ஆபத்து இல்லை. ஆனால் எது எதுவென்று பிரிக்கத் தெரியாதவர் கையில் ஸ்பிரிட்டைக் கொடுக்கக் கூடாது. ஒரு சொட்டு சோப்புக் கலந்த தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், லேபிளில் ஈரம் படாமல் பார்த்துக்கொண்டால் சரி. காய்ந்த பிறகு நிமிர்த்தி வையுங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் அடியில் இருப்பது கோணும். வெள்ளவத்தைக் கடற்காற்றுக்குப் பூஞ்சணம் எப்படியும் வரும், அதோடு சண்டை பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

இனி உங்கள் கேள்வி. கடிதத்தில் 'அசல்' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்லில்தான் நான் நின்றுவிட்டேன். எனக்கும் அந்த வியாதி இருபது வயது வரை இருந்தது.

எங்கள் வீடும் வெள்ளவத்தையில்தான், கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒரு ஒழுங்கையில். முன் அறையில் ரேடியோகிராம், வானொலியும் தட்டுப் போடும் கருவியும் ஒன்றாக உள்ள பெட்டி. மேலே அம்மா தைத்த விரிப்பு, அதன்மேல் பிளாஸ்டிக் பூ. காலையில் இலங்கை வானொலியின் பொங்கும் பூம்புனல், மாலையில் அப்பாவின் தட்டுகள். தாத்தாவிடமிருந்து வந்த 78களில் நாதஸ்வர வித்துவான் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகமும் ஒன்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடமும் கொஞ்சமும்தான் ஓடும். தோடி சூடு பிடிக்கிற நேரம் பக்கம் முடிந்துவிடும். அப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழும்பி, தட்டைத் திருப்பிப் போட்டு, ஊசியை வைப்பார். கரகரவென்ற சத்தம், பிறகு தோடி விட்ட இடத்திலிருந்து தொடரும். இதை எத்தனை நூறு தடவை கேட்டிருப்பேன் என்று தெரியாது. அந்த இடைவெளியும் அப்பாவின் எழும்புதலும் ராகத்தோடு சேர்ந்தவை என்றே என் காதுக்குப் பதிந்துவிட்டது.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடிவேல், கொழும்பில் முருகனுக்கு எடுக்கும் தேர்த் திருவிழா. செட்டியார் தெருவிலிருந்து தேர் பம்பலப்பிட்டிக்கு வந்து சேர்ந்திருந்தது. இரவு யாழ்ப்பாணத்து அளவெட்டி, இணுவில் பக்கத்து ஆட்களின் நாதஸ்வரமும் தவிலும். தோடியை எடுத்தார்கள். எனக்குத் தெரிந்த ராகம் என்ற மிதப்பில் மனதுக்குள் கூடவே வாசித்துக்கொண்டு போனேன். மூன்று நிமிடம் ஆகியிருக்கும், என் உடம்பு தானாகக் காத்திருந்தது. இப்போது அப்பா எழும்ப வேண்டும். ஒருவரும் எழும்பவில்லை. நாதஸ்வரம் நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது, எனக்குத் தெரியாத இடங்களுக்கு. பயமாகக்கூட இருந்தது, சிரிக்காதீர்கள். பக்கத்தில் இருந்த அப்பாவைப் பார்த்தேன். அவருடைய முழங்கால் ஒருமுறை அசைந்து நின்றது. அவரும் எழும்பப் பார்த்தாரோ என்னவோ.

தோடி முடிந்து தனித்தவில் வந்தபோது நள்ளிரவு தாண்டியிருந்தது.

நாம் அசல் என்று நினைப்பது பெரும்பாலும் தட்டின் அளவு. அன்றைய வித்துவான்கள் ஒலிப்பதிவுக்குப் போனால் ஆலாபனையைச் சுருக்கி, சங்கதிகளைக் குறைத்து, மூன்று நிமிடத்துக்குள் அடக்கித்தான் பாடினார்கள். படப்பாட்டும் அந்த அளவுக்கே தைத்த சட்டை. 1948இல் அமெரிக்காவில் எல்.பி. வந்து ஒரு பக்கம் இருபது நிமிடத்துக்கு மேல் ஓடத் தொடங்கிய பிறகும் படப்பாட்டு அந்தச் சட்டையைக் கழற்றவில்லை. உங்கள் அப்பாவின் பாடகர் ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடியதும் ஒரு நாள் பாட்டுத்தான். அன்று தொண்டை எப்படி இருந்தது, சாப்பிட்டாரா, அடுத்த ஒலிப்பதிவுக்கு ஓட வேண்டியிருந்ததா, யாருக்குத் தெரியும்? அந்த ஒரு நாளை நீங்கள் முப்பது வருடமாகக் கேட்டிருக்கிறீர்கள். அவர் அதற்குப் பிறகு எத்தனை ஆயிரம் நாள் அதே பாட்டைப் பாடியிருப்பார்! புதுச் சங்கதி வராமல் இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

சுருதி இறங்கியது பற்றி. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி கொண்டுபோகத் தடை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயரை இழுத்து கசெட் கேட்டார்கள். என் மைத்துனர் வீட்டில் அது பெடியன்களின் முறைவேலை. சுற்றுகிறவனுக்குக் கை களைத்தால் ரி.எம். சௌந்தரராஜன் ஒரு கட்டை இறங்குவாராம், இன்னும் களைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவாராம். உடனே அடுத்தவன் பெடலைப் பிடிக்க அவர் மேலே ஏறி வந்துவிடுவாராம். 'பாட்டுக் கேட்டதே பெரிசு, இதில் சுருதி வேறையா' என்பார் மைத்துனர். எழுபது வயதில் ஒருவர் மேடை ஏறி, தன் தொண்டைக்கு ஏற்றபடி ஒரு கட்டை குறைத்துப் பாடுவது என் கணக்கில் நேர்மை. பின்னால் பதிந்த பாட்டை ஓடவிட்டு வாயை அசைத்திருந்தால் நீங்கள் காசைத் திருப்பிக் கேட்டிருக்கலாம், நானும் கூட வந்திருப்பேன்.

கைபேசி எனக்கும் பிடிக்காது. ஆனால் பேச உரிமை இல்லை. நாங்கள் கச்சேரிக்குப் போய் மடியில் கசெட் ரெக்கோடரைச் சால்வையால் மூடி வைத்துப் பதிந்த ஆட்கள். பக்கம் முடியும்போது 'டக்' என்று அது நிற்க, முன்வரிசைக் கிழவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஒன்பதாயிரம் ரூபாய் நிகழ்ச்சிக்கு இனிப் போகாதீர்கள், அது உங்களுக்குச் சரிவராது. பம்பலப்பிட்டி சரஸ்வதி மண்டபம், கதிரேசன் மண்டபம், வெள்ளவத்தையில் இராமகிருஷ்ண மிஷன், தமிழ்ச் சங்கம் என்று உங்கள் வீட்டைச் சுற்றியே இடங்கள் இருக்கின்றன. பெயர் தெரியாத பிள்ளைகள் பாடுவார்கள், மிருதங்கம் வாசிக்கிற பிள்ளையின் தாய் முன்வரிசையில் கையைப் பிசைந்துகொண்டு இருப்பார். தட்டில் வராத ஆட்கள் என்பதால் ஒப்பிட உங்களிடம் ஒன்றும் இருக்காது. மேற்கத்திய இசைக்கு லயனல் வென்ட் அரங்கு. (அந்தப் பெயருக்குரியவர் படப்பிடிப்பாளர் மட்டுமல்ல, பியானோக்காரரும்கூட. கொழும்பில் பலருக்கு அது கட்டடத்தின் பெயர் மட்டும்.)

சரி, தட்டுகள். விற்கச் சொல்லவும் மாட்டேன், எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவும் மாட்டேன்.

1983 ஜூலைக் கலவரத்தில் எங்கள் வீட்டுக்கு நெருப்பு வைத்தார்கள். அகதி முகாமிலிருந்து வந்து பார்த்தபோது எல்.பி.கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கறுப்புக் கட்டியாகக் கிடந்தன. 78கள் இருந்த இடத்தில் சாம்பல்தான். அப்பா ரேடியோகிராமின் இரும்புத் தட்டை மட்டும் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு வந்துவிட்டார். அதன் பிறகு அவர் ஒரு தட்டும் வாங்கவில்லை.

நான் தொண்ணூறுகளில் மறுபடி தொடங்கினேன். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் புத்தகக் கட்டுகளுக்குக் கீழே கிடக்கும். கனடா, அவுஸ்திரேலியா போகிற குடும்பங்கள் 'கொண்டுபோக ஏலாது, எடுத்துக்கொண்டு போங்கள்' என்று தருவார்கள். பத்து வருடத்தில், போன படப்பாட்டுகளில் முக்கால்வாசி திரும்ப வந்துவிட்டது. தோடியும் வந்தது, விளிம்பில் ஒரு கீறலுடன். மதராஸ் பாட்டுகள் உலகம் முழுக்கப் போனவை, ஓரிடத்தில் எரிந்தால் இன்னோரிடத்தில் இருக்கும்.

வராதவை இங்கே பதித்தவை. 1970க்கும் 77க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு இறுகி, வெளிநாட்டுத் தட்டு வாங்குவது பெரும்பாடாக இருந்தது. இங்கே பொப் இசை செழித்த காலமும் அதுதான். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் என்று தமிழில். சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்தன, மூன்ஸ்டோன்ஸ் குழு என்று 'சூரிய' என்ற லேபிளில் வந்தவை. சின்னச் சின்ன 45 சுற்றுத் தட்டுகள். அப்புறம் 77இல் பொருளாதாரம் திறந்தது, மத்திய கிழக்குக்குப் போனவர்கள் கசெட் ரெக்கோடரோடு வந்து இறங்கினார்கள், தட்டுகள் கட்டிலுக்குக் கீழே போயின. கட்டிலுக்குக் கீழே போனது எரிந்தது, கறையான் தின்றது, பழைய பேப்பர் போத்தல்காரரிடம் போனது. என் வீட்டில் இருந்த அந்தச் சாதி இருபதில் ஐந்துகூட எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை.

அதனால் பெட்டியைத் திறந்து லேபிளைப் படியுங்கள். கொழும்பில் வெளியிட்டவை எல்லாவற்றையும், பாட்டு உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், வையுங்கள். படப்பாட்டில் அப்பாவோடு சேர்ந்து கேட்டவை எவை என்று உங்களுக்கே தெரியும், அலுமாரியில் ஓர் அடுக்கு அளவுக்கு வையுங்கள். மற்றவற்றைக் கேட்கிறவர்களுக்குக் கொடுங்கள். சும்மா கொடுத்தாலும் பரவாயில்லை, மொத்தமாக வாங்கி உறையை மட்டும் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறவரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள்.

78களை எல்.பி. ஊசியில் போட்டுப் பார்க்க வேண்டாம். அவற்றின் தடம் அகலம், சின்ன ஊசி அடியில் போய்க் குப்பையைத்தான் படிக்கும். என்னிடம் 78க்கான ஊசி இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டோவில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வாருங்கள், நிமிர்த்திப் பிடித்தபடி, குண்டு குழி பார்த்து. அத்தானையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். தோடி போடுகிறேன். முதல் பக்கம் முடியும்போது யாராவது எழும்பித் திருப்ப வேண்டும், எனக்கு இப்போது முழங்கால் ஏலாது.