இளம் வயதில் இதயத்தசை நோய்: கேள்வி பதில்

பரம்பரையாக வரும் இதயத்தசை நோய்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு, இந்தத் துறையில் வேலை பார்க்கும் மருத்துவராகப் பதில் எழுதுகிறேன். உங்கள் சிகிச்சையை முடிவு செய்ய வேண்டியவர் உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர்தான்.

கேள்வி: வயது 24. பிரஷர் கிடையாது. எக்கோவில் இதயச் சுவர் 17 மி.மீ. தடித்திருக்கிறது, ஹைப்பர்ட்ரோபிக் கார்டியோமயோபதி என்கிறார்கள். தூக்கமே வரவில்லை.

முதலில் தைரியமாக இருங்கள். இது ஏறக்குறைய 500 பேரில் ஒருவருக்கு இருக்கும் நோய். முறையாகக் கண்காணிப்பில் இருப்பவர்களில் இதனால் இறப்பவர்கள் ஆண்டுக்கு ஒரு சதவீதத்துக்கும் குறைவு. பலர் முழு ஆயுளும் வாழ்கிறார்கள்.

வேறு காரணம் இல்லாமல் சுவர் 15 மி.மீ. அல்லது அதற்கு மேல் இருந்தால் இந்த நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். அடுத்து தெரிய வேண்டியது, தடித்த தசை ரத்தம் வெளியேறும் வழியை மறிக்கிறதா என்பது. சாதாரணமாகப் படுக்க வைத்து எடுக்கும் எக்கோவில் இது தப்பிவிடலாம். அதனால் மூச்சை அடக்கி முக்கச் சொல்லியும், தேவைப்பட்டால் உடற்பயிற்சி செய்ய வைத்தும் பார்க்க வேண்டும். குந்தி உட்காரச் சொல்லி, எழும்போது ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டாலே பலருக்குத் தெரிந்துவிடும்: உட்கார்ந்திருக்கும்போது அடங்கியிருந்த மர்மர் (இதயத்தில் கேட்கும் இரைச்சல்) சத்தம், எழுந்ததும் ஓங்கும்.

மறிக்கும் இடத்துக்கு முன்னும் பின்னும் உள்ள ரத்த அழுத்த வித்தியாசம் 30 (மி.மீ. பாதரசம்) வரை வந்தாலே அடைப்பு உண்டு என்று அர்த்தம். 50-ஐத் தொட்டு, மருந்துக்கும் தொந்தரவு அடங்காவிட்டால்தான் அறுவை சிகிச்சை பற்றிப் பேசுவோம். மருந்தில் முதலில் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர், ஒத்துவராவிட்டால் வெராபமில். 2022-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாவகாம்டென், தசை மிதமிஞ்சி இறுகுவதையே தளர்த்துகிறது. அது அளவு மீறினால் இதயத்தின் பம்ப் பலம் குறையும் என்பதால் அடிக்கடி எக்கோ எடுத்தே ஆக வேண்டும். கடைசி வழி, தடித்த தசையைச் செதுக்கி எடுப்பது, அல்லது அந்தப் பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயில் ஆல்கஹால் செலுத்திச் சுருக்குவது. இரண்டையும் நிறையச் செய்து பழகிய இடத்தில்தான் செய்துகொள்ள வேண்டும்.

அப்புறம், அப்பா, அம்மா, அண்ணன், தங்கை எல்லோருக்கும் ஈசிஜியும் எக்கோவும் எடுங்கள். இன்று முழுக்க இதைச் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

கேள்வி: விளையாடும்போது மயங்கி விழுந்தேன். உடம்பில் தண்ணீர் குறைந்துவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள்.

ஓடிக்கொண்டிருக்கும்போதே விழுந்தீர்களா, ஓடி முடித்து நின்ற பிறகா? நின்ற பிறகு வருவது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஓட்டத்தின் நடுவே வந்தது என்றால் வேறு காரணம் நிரூபணமாகும் வரை இதயத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். ஈசிஜி, எக்கோ, ஹோல்டர் (ஒரு நாளோ அதற்கு மேலோ உடலில் மாட்டித் துடிப்பைப் பதியும் கருவி) மூன்றும் முடியும் வரை மைதானத்துக்குப் போகாதீர்கள். வீட்டில் யாராவது சிறு வயதில் திடீரென்று இறந்ததுண்டா? மூன்று தலைமுறைக்குக் கேளுங்கள். “நீச்சலில் மூழ்கினார்”, “வலிப்பு வந்து போனார்” என்று சொல்லப்படும் மரணங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பாவுக்கு 52 வயதில் பைபாஸ். எனக்கும் இது வருமா?

அது ரத்தக்குழாய் அடைப்பு, வேறு நோய். பொது மருத்துவரிடம் கொலஸ்ட்ரால், சர்க்கரை, பிரஷர் பாருங்கள்.

கேள்வி: அண்ணனுக்கு இருக்கிறது. எனக்கு 19 வயது, எக்கோ நார்மல். தப்பித்துவிட்டேனா?

இல்லை. இன்று இல்லை என்றுதான் அர்த்தம். தசை பிறகும் தடிக்கலாம். வளரும் வயதில் ஒன்றிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, பெரியவர்கள் மூன்று முதல் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும். இந்த அலைச்சலைக் குறைக்க மரபணுப் பரிசோதனை உதவும். ஆனால் முதலில் அண்ணனுக்கு எடுக்க வேண்டும். அவரிடம் நோய்க்குக் காரணமான மாற்றம் உறுதியாகக் கிடைத்து, அது உங்களிடம் இல்லையென்றால் இந்தக் கண்காணிப்பே தேவையில்லை. “முக்கியத்துவம் உறுதியாகாத மாற்றம்” என்று ரிப்போர்ட் வந்தால், அதை வைத்துக் குடும்பத்தில் யாருக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது.

கேள்வி: என் தங்கைக்கும் எக்கோ நார்மல்...

மேலே உள்ள பதிலேதான்.

கேள்வி: எனக்கு ஹைப்பர்ட்ரோபிக். இனி ஓடவே கூடாதா?

முன்பு கூடாது என்றுதான் சொல்லிவந்தோம். 2023-இல் வெளிவந்த ஓர் ஆய்வு 1,660 பேரைப் பின்தொடர்ந்தது. அதில் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களுக்கு மற்றவர்களைவிட ஆபத்து கூடவில்லை. அபாய மதிப்பீட்டுக்குப் பிறகு, மருத்துவரோடு சேர்ந்து முடிவெடுக்கலாம்.

ஒரு பயிற்சியாளர்: அப்படியானால் இத்தனை வருடம் பிள்ளைகளைத் தடுத்தது அநியாயம்தானே? இனி எல்லோரையும் விடலாமே.

விட முடியாது. அந்த ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் அனுபவமுள்ள மையங்களின் கண்காணிப்பில் இருந்தவர்கள். அதோடு இன்னொரு நோயைக் கலக்காதீர்கள்: வலது கீழறைத் தசையில் கொழுப்பும் தழும்பும் ஏறும் அரித்மோஜெனிக் கார்டியோமயோபதியில் கடும் பயிற்சியே நோயை வளர்க்கும். அங்கே போட்டி விளையாட்டு வேண்டாம், இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

ஒரு தாய்: ஈசிஜி எடுத்தால் மட்டும் என்ன பயன்? தெரிந்த பையனுக்கு நார்மல் என்றார்கள், போய்விட்டான்.

அம்மா, உங்கள் வேதனை நியாயம். ஈசிஜி எல்லாவற்றையும் பிடிக்காது. ஆனாலும் இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் 1982 முதல் விளையாட்டு வீரர்கள் எல்லோருக்கும் ஈசிஜி கட்டாயமான பிறகு, அவர்களில் திடீர் மரணம் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேருக்கு 3.6-இலிருந்து 0.4 ஆகக் குறைந்தது. அப்படி உயிர் தப்பியவர்களும் கணக்கில் உண்டு.

அதே பயிற்சியாளர்: பயிற்சி செய்தாலே சுவர் தடிக்கும். நல்ல வீரனை நோயாளி ஆக்குகிறீர்கள்.

13-இலிருந்து 15 மி.மீ. வரை அந்தக் குழப்பம் உண்மைதான். வீரரின் இதயத்தில் அறையும் சேர்ந்து பெரிதாகும், நோயில் பெரும்பாலும் குறுகும். சுமார் மூன்று மாதம் பயிற்சியை நிறுத்தினால் வீரரின் சுவர் மெலியும். எம்ஆர்ஐயில் தழும்பு தெரிந்தால் நோயின் பக்கம்தான். உங்கள் மைதானத்தில், இதயம் நின்றால் ஷாக் கொடுக்கும் ஏஇடி கருவி இருக்கிறதா, அதைச் சொல்லுங்கள். 2021-இல் ஆட்டத்தின் நடுவே சரிந்த டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சன், மைதானத்திலேயே மார்பை அழுத்தி ஷாக் கொடுத்ததால் பிழைத்தார்.

கேள்வி: வயது 21. ஐசிடி (துடிப்பு தறிகெட்டால் தானே ஷாக் கொடுக்க உடலுக்குள் வைக்கும் கருவி) வைக்கச் சொல்கிறார்கள். அவசியமா?

ஒருமுறை இதயம் நின்று பிழைத்தவருக்குக் கேள்வியே இல்லை, வைக்க வேண்டும். மற்றவர்களுக்கு: சுவர் 30 மி.மீ. தாண்டியது, காரணம் புரியாத மயக்கம், குடும்பத்தில் திடீர் மரணம், எம்ஆர்ஐயில் பரவலான தழும்பு, பம்ப் பலம் 50 சதவீதத்துக்குக் கீழே போனது. இதில் எது உங்களுக்கு என்று கேளுங்கள். ஒன்றுமே இல்லையென்றால் இன்னொரு கருத்தும் வாங்குங்கள். இந்த வயதில் வைத்தால் பேட்டரி, வயர் மாற்றம் என்று பல அறுவைகள் வரும். தேவையில்லாத ஷாக்கும் உண்டு.

கேள்வி: என் மகனுக்கு எக்கோ நார்மல், இனிப் பார்க்க வேண்டாம் அல்லவா?

வேண்டும். இன்று மூன்றாம் முறை சொல்கிறேன்: ஒருமுறை நார்மல் என்பது முடிவு அல்ல. மேலே படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கிறோம். மனைவிக்கு இந்த நோய், மாவகாம்டென் எடுக்கிறார்.

கருத்தரிக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். மாவகாம்டென் கருவுக்குத் தீங்கு செய்யலாம், அதை மாற்ற வேண்டும். பீட்டா பிளாக்கரும் எடுத்தால் தானாக நிறுத்தக் கூடாது, திடீரென்று விட்டால் துடிப்பு தறிகெட்டுப் போகும். இந்த நோயுள்ள பெரும்பாலான பெண்கள் கர்ப்பத்தை நன்றாகத் தாங்குகிறார்கள். மனைவியிடம் காரணமான மரபணு மாற்றம் இருந்தால், ஒவ்வொரு குழந்தைக்கும் அது போக 50 சதவீத வாய்ப்பு. கருவிலேயே பார்க்க வேண்டுமா, பிறந்த பிறகு பார்த்தால் போதுமா என்பது உங்கள் இருவரின் முடிவு. மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசுங்கள்.