எந்த நாளில் வென்றார்?

அன்புள்ள அண்ணா,

உங்கள் குத்துச்சண்டைக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவன் நான். எனக்கும் என் நெருங்கிய நண்பனுக்கும் ஒரு வாக்குவாதம். ராக்கி மார்சியானோ 49 சண்டை போட்டு 49-லும் ஜெயித்தவர், ஆகவே ஹெவிவெயிட் என்ற அதிக எடைப் பிரிவில் அவர்தான் முதல்வர் என்பது அவன் கட்சி. முகமது அலி ஐந்து முறை தோற்றவர் என்கிறான். எத்தனை பேரை வென்றார் என்பதைவிட யாரை வென்றார் என்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி. அதை நிரூபிக்க எக்செல்லில் ஓர் அட்டவணை போட்டேன். எதிராளியின் மொத்த வெற்றி சதவீதத்துக்கு ஒரு மதிப்பெண், அவர் எப்போதாவது உலக சாம்பியனாக இருந்திருந்தால் கூடுதல் மதிப்பெண். எல்லா எடைப் பிரிவையும் சேர்த்துப் பார்த்தால் சுகர் ரே ராபின்சன் முதலிடம், அலி இரண்டாமிடம், மார்சியானோ பதினொன்று. நண்பன் அட்டவணையே போலி என்று சொல்லிவிட்டான். மூன்று வாரமாக எங்களுக்குள் பேச்சில்லை. என் முறை சரிதானா? நாக் அவுட்டுக்குத் தனி மதிப்பெண் தர வேண்டுமா? இன்றைய வீரர்களையும் இதே அட்டவணையில் சேர்க்கலாமா?

இப்படிக்கு,
உங்கள் வாசகன்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று நான் கிளீவ்லண்ட் வில்லியம்ஸ் என்ற மனிதரைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

எதிராளியின் தரத்தை வைத்துத்தான் ஒரு வீரனை எடைபோட வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரி. தோல்வியே இல்லாத ரெக்கார்டு என்பது பல நேரங்களில் வீரனின் திறமையைவிட மேனேஜரின் திறமையைத்தான் காட்டுகிறது. அதில் உங்களுக்கும் எனக்கும் சண்டை இல்லை. ஆனால் அந்த நல்ல எண்ணத்தைக் கொண்டுபோய் சதவீதக் கணக்கில் அடைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் அந்தச் சண்டைகளைப் பார்த்தீர்களா? ஒன்றையாவது முழுதாக உட்கார்ந்து பார்த்தீர்களா? பார்த்திருந்தால் மார்சியானோவிடம் தோற்ற முன்னாள் சாம்பியன் எஸார்ட் சார்ல்ஸுக்கு நேரே இருபத்தைந்து தோல்வி என்று எழுதி அவர் மதிப்பைக் குறைத்திருக்க உங்களுக்கு மனம் வந்திருக்காது.

சார்ல்ஸ் தோற்ற சண்டைகள் இருபத்தைந்துதான், உண்மை. அதில் பாதிக்கு மேல் மார்சியானோவோடு மோதியதற்குப் பிறகு வந்தவை. கால் ஓய்ந்து, வேகம் போய், பணத்துக்காக மட்டும் மேடையேறிய வருடங்களில் வாங்கிய தோல்விகள். அந்தத் தோல்விகளை எடுத்து 1954-இல் அவரை வென்றவரின் கணக்கில் கழிக்கிறீர்கள்! 1954 ஜூனில் யாங்கி ஸ்டேடியத்தில் மார்சியானோவுடன் பதினைந்து சுற்றும் நின்றவர் சார்ல்ஸ். வேறு யாரும் மார்சியானோவுடன் பதினைந்து சுற்று நின்றதே கிடையாது. செப்டம்பரில் மறுபடி மோதியபோது மார்சியானோவின் மூக்கைப் பிளந்துவிட்டார். இன்னும் சில நிமிடம் போயிருந்தால் நடுவர் சண்டையையே நிறுத்தியிருப்பார் என்ற நிலையில்தான் மார்சியானோ எட்டாவது சுற்றில் அவரை வீழ்த்தினார். இதற்கெல்லாம் முன்னால் ஆர்ச்சி மூர் என்ற பெரிய வீரரோடு மூன்று முறை மோதி மூன்று முறையும் வென்றவர் இவர். உங்கள் அட்டவணையில் அவர் ஒரு சுமாரான ஆள்.

அட்டவணையில் வெற்றி சதவீதம் என்ற அந்த நெடுவரிசையைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள். இமானுவேல் அகஸ்டஸ் என்று ஒருவர் இருந்தார். 38 வெற்றி, 34 தோல்வி, 6 டிரா. காகிதத்தில் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 2000-இல் ஃப்ளாய்ட் மேவெதரோடு மோதி ஒன்பதாவது சுற்றில் நிறுத்தப்பட்டார். ஐம்பது சண்டை போட்டு ஐம்பதிலும் வென்ற மேவெதர், தன்னை அதிகம் சோதித்தவர்கள் யார் என்று கேட்டபோது சொன்ன பெயர்களில் இவர் பெயர் உண்டு.

சரி, சதவீதம் வேண்டாம், வயதைச் சேர்த்துவிடலாம் என்று நினைப்பீர்கள். அதுவும் போதாது. மார்சியானோ வென்ற இரண்டு சாம்பியன்கள், ஜோ லூயிஸும் ஜெர்சி ஜோ வால்காட்டும், ஒரே வருடம், 1914-இல் பிறந்தவர்கள். வால்காட் சில மாதங்கள் மூத்தவர். மார்சியானோ 1951 அக்டோபரில் லூயிஸை எட்டாவது சுற்றில் கயிறுகளுக்கு வெளியே விழவைத்தார். லூயிஸுக்கு வயது 37. ஓய்வு பெற்றிருந்தவர், வரிக்கடன் கழுத்தை நெரித்ததால் திரும்பி வந்தவர், தலை வழுக்கை விழுந்து, ஒரு காலத்தில் உலகமே பயந்த அந்த வலது கையை நேரத்துக்கு எடுக்க முடியாமல் நின்றவர். அந்தச் சண்டை முடிந்ததும் மார்சியானோவே அழுதார் என்று சொல்வார்கள். அடுத்த வருடம் செப்டம்பர் 23, பிலடெல்பியா. எதிரே வால்காட், வயது 38. ஆனால் இவர் நடப்புச் சாம்பியன். நான்கு முறை பட்டத்துக்கு மோதித் தோற்று, ஐந்தாவது முறை சார்ல்ஸை வீழ்த்திப் பட்டம் வாங்கியவர். முதல் சுற்றிலேயே இடது ஹூக்கில், அதாவது பக்கவாட்டில் வளைத்து அடிக்கும் குத்தில், மார்சியானோவைத் தரையில் உட்காரவைத்தார். மார்சியானோ தன் வாழ்க்கையில் விழுந்தது அதுதான் முதல் முறை. பன்னிரண்டு சுற்று முடிந்தபோது மூன்று மதிப்பெண் அட்டையிலும் வால்காட் முன்னால் இருந்தார். பதின்மூன்றாவதில் ஒரே ஒரு வலது கை, குறுகிய தூரத்திலிருந்து. முடிந்தது.

உங்கள் அட்டவணையில் லூயிஸ் வெற்றிக்குத்தான் மதிப்பெண் அதிகம், இல்லையா? லூயிஸ் பெயர் பெரியது, சதவீதமும் பெரியது. மார்சியானோவின் வாழ்க்கையில் மிகச் சிறிய வெற்றிகளில் ஒன்று அது. வால்காட்டை வென்ற அந்த இரவு ஒன்று போதும், அவரைப் பதினொன்றாம் இடத்தில் வைக்க முடியாது. இந்த இடத்தில் உங்கள் நண்பன் பக்கம்தான் நான். அவன் சொல்லும் காரணம் தவறு, அது வேறு விஷயம்.

எதிராளியின் பெயருக்குப் பக்கத்தில் தேதியை எழுதுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இதுவரை இதை எழுதியதில்லை.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும்போது நானும் கையுறை போட்டவன். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் இறுதிச் சுற்று வரை வந்துவிட்டேன். எதிரே முந்தைய வருடத்துச் சாம்பியன். அவர் ஜாபை, முன்கையை நேராக நீட்டி அடிக்கும் அந்தக் குத்தை, பார்த்து நாங்கள் எல்லோரும் கண்ணாடி முன் நின்று பழகியிருக்கிறோம். மூன்று சுற்று. முதல் சுற்றில் என்னால் அவரைத் தொடவே முடியவில்லை. இரண்டாவதில் அவர் கால்கள் நின்றுவிட்டன, வாயால் மூச்சு வாங்கினார், நான் உள்ளே புகுந்து விலாவிலேயே அடித்தேன். மூன்றாவதில் அவர் கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு நின்றதுதான் நினைவிருக்கிறது. நடுவர் என் கையை உயர்த்தினார். இரண்டு மாதம் தரையில் கால் படாமல் நடந்தேன். அப்புறம் ஒரு நாள் எங்கள் பயிற்சியாளர் ஏதோ பேச்சில் சொன்னார், அந்தப் பையன் டைபாய்டில் மூன்று வாரம் படுத்து எழுந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, அவன் வராவிட்டால் அந்த எடையில் அவர்கள் அணிக்கு ஆள் இல்லை, அதனால் யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டான் என்று. அவருக்கு அது முன்பே தெரியும். என்னிடம் சொல்லவில்லை, ஏன் என்று நானும் கேட்கவில்லை.

பல வருடம் கழித்து ஒரு ரயில் நிலையத்தில் அவரைப் பார்த்தேன். நான்தான் போய் அறிமுகப்படுத்திக்கொண்டேன். அந்தக் காய்ச்சலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஜாப் போட்டுவிட்டுத் திரும்பும்போது இடது கையைத் தாழ்த்துவாய், அதைச் சரிசெய்தாயா?" என்று கேட்டார். நிற்க முடியாமல் நின்ற அந்த ஒன்பது நிமிடத்தில் அவர் அதைப் பார்த்திருக்கிறார், உடம்பு இடம் கொடுக்காததால் பயன்படுத்த முடியவில்லை, அவ்வளவுதான். உங்கள் கணக்குப்படி நான் ஒரு சாம்பியனை வென்றவன். எனக்கு அந்த மதிப்பெண் வேண்டாம் தம்பி.

இப்போது வில்லியம்ஸ். 1966 நவம்பரில் ஹூஸ்டனில் அலி அவரை மூன்றாவது சுற்றில் முடித்தார். அலியின் மிகச் சிறந்த ஆட்டம் என்று ரசிகர்கள் காட்டும் படம் அதுதான். நானும் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், காலும் கையும் ஒன்றாகப் பாடுவது போலிருக்கும். ஆனால் இரண்டு வருடம் முன்பு, 1964-இல், சாலையில் ஒரு போலீஸ்காரரின் துப்பாக்கிக் குண்டு வில்லியம்ஸின் வயிற்றில் பாய்ந்தது. பல அறுவை சிகிச்சைகள். ஒரு சிறுநீரகம் போயிற்று. குண்டை எடுக்கவே முடியவில்லை, அதை உடம்பில் சுமந்துகொண்டுதான் அன்று மேடையேறினார். அலியின் அழகு அதனால் குறையாது. அந்த வெற்றியின் எடை குறையும். அலியை நேசிக்கிற நான் சொல்கிறேன், நீங்களும் சொல்லப் பழகுங்கள். அலிக்கு எடை தேடினால் 1974 கின்ஷாசாவுக்குப் போங்கள். ஜார்ஜ் போர்மனுக்கு அன்று 25 வயது, நாற்பது சண்டையில் தோல்வியே கிடையாது, அலியை வென்றிருந்த பிரேசியரையும் நார்ட்டனையும் ஆளுக்கு இரண்டே சுற்றில் முடித்தவர். அந்தப் போர்மனை, அந்த நாளில், 32 வயது அலி எட்டாவது சுற்றில் சாய்த்தார். அது வெற்றி. அதேபோல, உங்கள் நண்பன் எண்ணுகிற அந்த ஐந்து தோல்வியில் 1980-இல் லாரி ஹோம்ஸிடம் தோற்றதை எடுத்துப் பாருங்கள். 38 வயது, உடம்பில் எதுவும் மிச்சமில்லை, பத்து சுற்று முடிந்ததும் அவர் பக்கத்து ஆட்களே நிறுத்தினார்கள். ஒரு காலத்தில் அலியோடு பயிற்சிச் சண்டை போட்டு வளர்ந்த ஹோம்ஸ், சண்டை முடிந்ததும் அழுதார். அவர் கண்ணீருக்குத் தெரிந்தது உங்கள் நண்பனுக்குத் தெரியவில்லை.

ராபின்சனை முதலிடத்தில் வைத்தது சரி. ஆனால் 1943 பிப்ரவரியில் டெட்ராய்ட்டில் ஜேக் லாமோட்டாவிடம் தோற்றதற்கு அவருக்கு மதிப்பெண் கழித்திருப்பீர்களே? தன்னைவிட ஏறக்குறைய 15 பவுண்டு கனமானவரிடம் தோற்றார். மூன்றே வாரத்தில் அதே டெட்ராய்ட்டில் மறுபடி மோதி வென்றார். அந்தத் தோல்விக்கு மதிப்பெண் கூட்ட வேண்டும்.

நாக் அவுட்டுக்குத் தனி மதிப்பெண் தேவையில்லை. இன்றைய வீரர்களைச் சேர்ப்பதும் சேர்க்காததும் உங்கள் இஷ்டம். ஆனால் உக்ரைனின் ஓலெக்சாண்டர் உசிக்கைச் சேர்க்கும்போது பிரீடிஸை ரீகாவிலும் காசியேவை மாஸ்கோவிலும் ஜோஷுவாவை லண்டனிலும், அவரவர் ஊர்க் கூட்டத்துக்கு நடுவில் போய் வென்றவர் என்பதையும் எழுதுங்கள். இன்னொரு நெடுவரிசையும் போடுங்கள், யாரோடு மோதவில்லை என்று. ஹெவிவெயிட் வீரர் ஜாக் ஜான்சன் 1906-இல் சாம் லாங்போர்டை வென்றார். 1908-இல் உலகப் பட்டம் வந்தபிறகு ஒருமுறைகூட லாங்போர்டுக்கு வாய்ப்புத் தரவில்லை. நிறத்தின் காரணமாகத் தனக்கே வருடக்கணக்கில் கதவு மூடப்பட்டிருந்த ஜான்சன், அதே கதவை இன்னொரு கறுப்பின வீரருக்கு மூடினார். பின்னாளில் சாம்பியனான ஜாக் டெம்ப்சியும், ஹாரி வில்ஸ் என்ற கறுப்பின வீரரோடு மோதவே இல்லை. நடக்காத சண்டைக்கு எக்செல்லில் இடமில்லை, அதனால் லாங்போர்டும் வில்ஸும் உங்கள் கண்ணில் பட்டே இருக்கமாட்டார்கள்.

கடைசியாக ஒன்று. மூன்று வாரமாகப் பேச்சில்லை என்று ஏதோ பெருமை மாதிரி எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் வருத்தமாக இருந்தது. குத்துச்சண்டையைப் பற்றி மணிக்கணக்கில் வாதாட ஒரு நண்பன் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை, எனக்கு அப்படி ஒருவர் இருந்தார், இப்போது இல்லை. இன்றைக்கே அவனைக் கூப்பிடுங்கள். மார்சியானோவைப் பதினொன்றில் வைத்தது தப்பு என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து 1952 செப்டம்பர் 23 சண்டையை முதல் மணியிலிருந்து பாருங்கள், பன்னிரண்டாவது சுற்று முடிந்ததும் நிறுத்திவிட்டு, யார் முன்னால் இருக்கிறார்கள் என்று ஆளுக்கொரு காகிதத்தில் எழுதுங்கள். எழுதியதை எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணன்