பேலன்சிங் செய்தும் ஸ்டீயரிங் உதறுகிறதா? ரிம்மின் உள்விளிம்பைப் பாருங்கள்

கேள்வி: என்னுடையது 2019 மாடல் மாருதி ஸ்விஃப்ட், ஸ்டீல் ரிம், 165/80 ஆர்14 டயர், ஓடியது 34,000 கி.மீ. வேகம் 80-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறுகிறது, 100-ஐத் தாண்டினால் குறைகிறது. முன் இடது டயரில் பத்து நாளில் 5, 6 பி.எஸ்.ஐ. காற்று இறங்குகிறது, பஞ்சர் கடையில் ஆணி எதுவும் இல்லை என்கிறார்கள். அதே டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறது. இரண்டு முறை பேலன்சிங், ஒரு முறை அலைன்மெண்ட் செய்தும் பலனில்லை. டயரை மாற்றிவிட வேண்டியதுதானா?

பதில்: டயர் மாற்றுவதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். உதறல், காற்று இறக்கம், உள்தேய்மானம் மூன்றும் ஒரே சக்கரத்தில் இருக்கின்றன. அந்தச் சக்கரம் எப்போதோ ஒரு பள்ளத்திலோ உயரமான வேகத்தடையிலோ பலமாக அடி வாங்கியிருந்தால் மூன்றுக்கும் காரணம் கிடைத்துவிடும். இப்போது புது டயர் போட்டாலும் காற்று இறங்கும், அதுவும் உள்பக்கம் தேயும்.

முதலில் காற்று. ஸ்டெப்னி மாற்றுவது போலவே சக்கரத்தைக் கழற்றுங்கள்: சமதரை, ஹேண்ட் பிரேக், முதல் கியர், பின்சக்கரத்துக்குக் கட்டை. சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்திவிட்டு அப்புறம் ஜாக்கி ஏற்றுங்கள். கழற்றிய சக்கரத்தில் 35 பி.எஸ்.ஐ. வரை காற்றடித்து, ஷாம்பு கலந்த தண்ணீரைப் பூசுங்கள். வால்வின் வாயில் குமிழி வந்தால் வால்வு பின்னை முறுக்கினாலோ மாற்றினாலோ போதும். வால்வின் அடியில் வந்தால் வால்வையே மாற்ற வேண்டும். பஞ்சர் கடையில் பெரும்பாலும் பட்டன் பகுதியை (தரையைத் தொடும் கட்டை ரப்பரை) மட்டும் தொட்டியில் முக்கிப் பார்த்துவிட்டு விடுவார்கள். நீங்கள் சக்கரத்தைக் குப்புறப் போட்டு, எஞ்சின் பக்கம் இருக்கும் உள்விளிம்பில், டயர் ரிம்மைக் கவ்வும் இடத்தில் சுற்றிலும் தண்ணீரை ஊற்றி இரண்டு நிமிடம் பொறுங்கள். சிறிய கசிவு நுரை போலத்தான் மெதுவாக எழும்.

நுரை ஒரே இடத்தில், ஓரிரு விரலளவு நீளத்தில் வந்தால் அங்கே விளிம்பு வளைந்திருக்கிறது. சுற்றிலும் ஆங்காங்கே வந்தால் துரு. துருவென்றால் டயரைக் கழற்றி, விளிம்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பீட் சீலர் (டயரும் ரிம்மும் சேரும் இடத்தை அடைக்கும் பசை) பூசி மாட்டச் சொல்லுங்கள். வளைந்த விளிம்பில் சீலர் பூசுவது சில வாரங்களுக்கு மட்டும் தாங்கும்.

வளைவை உறுதி செய்ய, சக்கரத்தைத் திரும்ப மாட்டி, தூக்கிய நிலையிலேயே கியரை நியூட்ரலுக்கு மாற்றிக் கையால் சுழற்றுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுங்கள். உடம்பை வண்டிக்கு அடியில் நீட்டாதீர்கள். ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாத ஏதாவது ஒன்றில் ஊன்றி, அதன் நுனியை ரிம் விளிம்புக்கு மிக அருகில் பிடியுங்கள். சுழலும்போது நுனிக்கும் விளிம்புக்குமான இடைவெளி கூடிக் குறைந்தால் அதுதான் ஆட்டம். 1 மி.மீ. தாண்டினாலே ஸ்டீயரிங்கில் தெரியும். வெளிவிளிம்பு சரியாக இருக்கிறதே என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். பள்ளத்து அடியை அதிகம் வாங்குவது உள்விளிம்பு. வெளியே நின்று பார்த்தால் தெரியாது. ரிம் சரியாகச் சுழன்று, டயரின் மேற்பரப்பு மட்டும் ஏறி இறங்கினால் உள்ளே பெல்ட் (பட்டனுக்கு அடியில் இருக்கும் கம்பிப் பட்டை) பிரிந்திருக்கலாம். பக்கச்சுவரில் உப்பல் தெரிந்தால் அதில் நூல்கள் அறுந்துவிட்டன. இந்த இரண்டுக்கும் ரிப்பேர் கிடையாது, அன்றே டயரை மாற்றுங்கள்.

இரண்டு முறை பேலன்சிங் செய்தும் ஏன் பலிக்கவில்லை? பேலன்சிங் மெஷின் சரிசெய்வது எடையை மட்டும்தான், வட்டத்தை அல்ல. முட்டை வடிவ சக்கரத்துக்கும் விளிம்பில் ஈயக் கட்டி அடித்து மெஷினில் இரண்டு பக்கமும் பூஜ்யம் காட்ட முடியும்; ரோட்டில் அது குதிக்கத்தான் செய்யும். உங்கள் டயரின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். 80 கி.மீ. வேகத்தில் விநாடிக்கு 11, 12 சுற்று. சக்கரமும் சஸ்பென்ஷனின் அடிப்பாகமும் இயல்பாகவே அதிரும் அளவும் ஏறத்தாழ விநாடிக்கு 10 முதல் 15 வரைதான். இரண்டும் ஒத்துப்போகும் வேகத்தில் உதறல் பெரிதாகிறது, தாண்டியதும் அடங்குகிறது. (பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் கதை வேறு, டிஸ்க்கைப் பாருங்கள். ஸ்டீயரிங் அமைதியாக இருந்து சீட் அதிர்ந்தால் பின்சக்கரம்.)

பேலன்சிங்கின்போது திரையில் வரும் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். இந்த அளவு சக்கரத்துக்கு ஒரு பக்கம் 10, 20, 30 கிராம் என்று வருவது சாதாரணம். 60-க்கு மேல் கேட்டால் ஈயத்தை அடிக்க விடாதீர்கள். டயரை ரிம்மில் 180 டிகிரி திருப்பி மாட்டி மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போதும் குறையாவிட்டால் ரிம்மோ டயரோ கெட்டிருக்கிறது. வளைந்த விளிம்பில் ஈயத்தின் கிளிப் சரியாகக் கவ்வாது. பேலன்சிங் செய்த ஒரு வாரத்தில் உதறல் திரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரிம் லேசாக வளைந்திருந்தால் பெண்ட் எடுக்கலாம். என் யோசனை, எடுக்காதீர்கள். ஸ்டீல் ரிம் மலிவு, புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். விரிசல் கண்டால் வெல்டிங் வேண்டவே வேண்டாம்.

இனி உள்தேய்மானம். பலரும் இதை அலைன்மெண்ட் கோளாறு என்று சொல்லி டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணத்தை) திருத்திவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். முன்சக்கரங்களில் டோ தவறியிருந்தால், வண்டி நேராக ஓடும்போது அந்தப் பிழை இரண்டு சக்கரத்துக்கும் பாதிப் பாதியாகப் பிரிந்துவிடும். இரண்டு டயரும் ஏறக்குறைய ஒரே மாதிரி தேயும், பட்டன்களில் ரம்பம் போலக் கூர்முனையும் கையில் தட்டும். உங்களுக்கு இடது மட்டும் தேய்கிறது. கூர்முனை இல்லாமல் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணம்) தான் போயிருக்கிறது, சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருக்கிறது.

அலைன்மெண்ட் கடையில் பிரிண்ட் வாங்குங்கள். இடது, வலது கேம்பர் வித்தியாசம் அரை டிகிரிக்கு மேல் இருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது. உங்கள் வண்டியில் முன்பக்கம் திருகித் திருத்தக்கூடியது டோ மட்டும்தான், கேம்பருக்குத் தனி அட்ஜஸ்ட்மெண்ட் இல்லை. அதனால் சில கடைகளில் ஹைட்ராலிக் ஜாக்கி வைத்து நெம்பி எண்ணைச் சரிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். ஒருமுறை வளைந்த இரும்பை எதிர்த்திசையில் மறுபடி வளைப்பது அது. சம்மதிக்காதீர்கள்.

எது வளைந்தது என்பதை டயருக்கும் ஸ்ட்ரட் (ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) குழாய்க்கும் நடுவே விரலை விட்டுப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். இடப்பக்க இடைவெளி வலப்பக்கத்தைவிட வேறுபட்டால் நக்கிளோ (சக்கரத்தைத் தாங்கும் இரும்புப் பாகம்) ஸ்ட்ரட்டின் கீழ்ப்பிடியோ வளைந்திருக்கிறது. இடைவெளி சமமாக இருந்தும் கேம்பர் தவறினால் ஸ்ட்ரட்டின் உள் ராடையும் மேல் மவுண்டையும் பார்க்க வேண்டும். லோயர் ஆர்ம் (சக்கரத்தின் அடிப்பாகத்தை வண்டியோடு இணைக்கும் கை) வளைந்தால் சக்கரத்தின் அடிப்பாகம் உள்ளே போய் வெளிப்பக்கம்தான் தேயும், ஆகவே உங்கள் சந்தேகப் பட்டியலில் அது கடைசி. இருந்தாலும் அதன் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். அந்தச் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும்.

செய்ய வேண்டிய வரிசை: ரிம், வளைந்த பாகம், பேலன்சிங், கடைசியில் அலைன்மெண்ட். இந்த வரிசை மாறினால் செலவு இரட்டிப்பாகும்.

டயர் பிழைக்குமா என்பதை ரிம் மாற்றும்போதே தீர்மானிக்கலாம். பட்டன் பள்ளங்களுக்குள் இருக்கும் தேய்மானக் குறியின் உயரம் 1.6 மி.மீ. நடுவில் 4 மி.மீ. மிச்சமிருந்தாலும், உள்விளிம்பு அந்தக் குறியைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. கழற்றிய டயரின் உட்புறத்தில் கையை விட்டுப் பாருங்கள். கருப்புத் தூள் ஒட்டினால், அல்லது பக்கச்சுவரில் வளையமாகத் தேய்ந்த தடம் தெரிந்தால், காற்றுக் குறைவாகவே அதிக தூரம் ஓடியிருக்கிறது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் அதைத் திரும்ப மாட்டாதீர்கள். மாற்றுவதானால் ஜோடியாக மாற்றி, புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். முன்சக்கரம்தானே இழுக்கிறது, முன்னால் போடலாமே என்று கடையில் சொல்வார்கள். மழைத் தண்ணீரில் பின்பக்கம் பிடியை இழந்தால் வண்டியே சுழன்றுவிடும்.

எல்லாம் முடிந்து சக்கரம் மாட்டும்போது ஹப்பின் (சக்கரம் உட்காரும் இரும்புப் பாகம்) முகத்தில் துரு, மண் இல்லாமல் துடைக்கச் சொல்லுங்கள். நான்கு நட்டுகளையும் முதலில் கையால் முழுவதும் ஏற்றி, பிறகு எதிரெதிராக முறுக்க வேண்டும். எடுத்த எடுப்பில் ஏர் கன்னை வைத்தால் சக்கரம் கோணலாக உட்காரும். முறுக்கும் விசை சிறிய கார்களுக்குப் பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். உங்கள் வண்டிக்கான எண் கையேட்டில் இருக்கும். 50 முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒருமுறை நட்டுகளைச் சரிபாருங்கள். காற்றின் அளவை அடுத்த பத்து நாளும் காலையில் வண்டி எடுக்கும் முன்பே பார்த்துக் குறித்துவையுங்கள். ஓடிச் சூடான டயர் 3, 4 பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காட்டும், அதைப் பார்த்துக் காற்றைத் திறந்துவிடாதீர்கள்.