மொட்டை மாடியில் விழும் மழை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எங்கள் மொட்டை மாடி 1,000 சதுர அடி. மேட்டூர்க் குடிநீர் நாள் விட்டு நாள் கூட வருவதில்லை. மழைநீரைப் பிடித்தால் எவ்வளவு தேறும்? (அஸ்தம்பட்டி, சேலம்)

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். உங்கள் மாடி ஏறக்குறைய 93 சதுர மீட்டர் என்பதால், 20 மில்லிமீட்டர் மழைக்கு 1,860 லிட்டர் விழும்; தளம் உறிஞ்சுவதும் சிதறுவதும் போக 1,500 லிட்டர் கைக்கு வரும். ஒரே ஒரு டிரம்மை வைத்தால் அரை மணி நேரத்திலேயே வழிந்து சாக்கடைக்குப் போய்விடும். 2,000 லிட்டருக்குக் குறையாத தொட்டியாக வாங்குங்கள்.

2003-இல் அரசு கட்டாயம் என்றதால், மழைநீரை நிலத்துக்குள் இறக்க வெட்டிய குழி இருக்கிறது. இப்போது தண்ணீர் இறங்குவதே இல்லை. ஆழ்துளைக் கிணற்றுக்குள் நேரடியாக விட்டுவிடலாமா? (சூரமங்கலம்)

வேண்டாம். வடிகட்டாத தண்ணீர் கொண்டுபோகும் வண்டல் பாறை விரிசல்களை அடைத்துவிடும். மாடியில் கிடக்கும் அழுக்கும் நிலத்தடி நீரில் கலக்கும்.

முதலில் குழியின் மூடியைத் தூக்கிப் பாருங்கள். அண்மையில் நான் பார்த்த ஒரு வீட்டில், மணலுக்கு மேல் இரண்டு விரற்கடை கனத்துக்குக் களிமண்ணும் மட்கிய வேப்பிலையும் அடைபோல் படிந்திருந்தன. அதைச் சுரண்டி எடுத்து, மணலை அலசிப் போட்டதுமே தண்ணீர் இறங்கத் தொடங்கியது. உங்கள் குழியையும் அவ்வாறு சுத்தம் செய்து, நான்கு குடம் ஊற்றிவிட்டு மறுநாள் காலையில் பாருங்கள். அப்போதும் தேங்கியே நின்றால், அடியில் இருப்பது பெரும்பாலும் பாறையாக இருக்கும். சேலத்தில் பல இடங்களில் சில அடி மண்ணுக்குக் கீழே கடினப் பாறைதான். தண்ணீர் தங்குவது மேலே உள்ள சிதைந்த அடுக்கிலும் விரிசல்களிலும் மட்டுமே. அத்தகைய மனையில் குழியை மேலும் ஆழமாக்குவது வீண் செலவு.

வீட்டிலோ பக்கத்திலோ பழைய திறந்த கிணறு இருந்தால், அடியில் பெருங்கல், நடுவில் ஜல்லி, மேலே மணல் என்று நிரப்பிய தொட்டி வழியாக மழைநீரை அதில் விடுங்கள். குப்பை கொட்டித் தூர்த்த கிணறுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

ஏற்காட்டில் சரிவில் வீடு. நாங்களும் குழி வெட்டலாமா? (ஏற்காடு)

வீட்டை ஒட்டியோ, தடுப்புச் சுவருக்கு மேற்புறத்திலோ வெட்டாதீர்கள். கனமழையில் மலைப்பாதையில் மண் சரிவதைப் பார்த்திருப்பீர்கள். ஊறிய மண்ணுக்குள் மேலும் தண்ணீரை இறக்குவது அதற்கு வழி செய்யும். தகரக் கூரையிலிருந்து தொட்டிக்குக் கொண்டு செல்வதே நல்லது. கூரைக்குக் கீழேயும் தோட்டத்துக்கு மேலேயும் தொட்டி அமைந்தால், காப்பிச் செடிகளுக்கு மோட்டார் இல்லாமலே பாயும்.

மழைநீரைக் குடிக்கலாமா? (கன்னங்குறிச்சி)

பருவத்தின் முதல் மழை டிகாக்‌ஷன் நிறத்தில் வரும். அதை வெளியே விட்டுவிடுங்கள். அதன்பின் பிடித்ததையும் வடிகட்டி, கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் விழுந்த தண்ணீரைக் குடிக்கவே வேண்டாம். தொட்டியின் வாய்க்கு நைலான் வலை கட்டுங்கள். டெங்கு கொசு முட்டையிடுவது தெளிந்த தண்ணீரில்தான்.