ரங்குப்பெட்டிக்குள் மர்லின் மன்றோ

கேள்வி: அப்பப்பாவின் ரங்குப்பெட்டிக்குள் பழைய அமெரிக்கக் கலண்டர் தாள் ஒன்று கிடந்தது. வரைந்த படம். முகத்தைப் பார்த்தால் மர்லின் மன்றோ மாதிரி இருக்கிறது. அம்மா அதைத் தூக்கி எறியச் சொல்கிறார். நடிகையாக வருமுன் மர்லின் ஓவியர்களுக்குப் போஸ் கொடுத்தாரா?
- வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: கொடுத்தார். எறிவதற்கு முன் மூலையில் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். கலண்டர் படம் வரைந்த அமெரிக்க ஓவியர் ஏர்ல் மொரானின் பெயர் இருந்தால் உங்கள் கண் சரியாக இருக்கலாம்.

அப்போது அவருக்கு மர்லின் என்ற பெயரே இல்லை, நோர்மா ஜீன். போர்க்காலத்தில் கலிபோர்னியாவில் ஆளில்லா விமானம் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். படம் எடுக்க வந்த இராணுவப் போட்டோக்காரர் கண்ணில் பட்டார். 1945இல் புளூ புக் மொடல் ஏஜென்சியில் சேர்ந்தார். சுருட்டை முடி நேராகிப் பொன்னிறமானது அதற்குப் பிறகுதான்.

மொரானிடம் போனது 1946இல். மணிக்கு 10 டொலர் சம்பளம். அதே ஆண்டு ஆகஸ்டில் ஃபொக்ஸ் சினிமாக் கம்பனி ஒப்பந்தம் போட்டது, புதுப் பெயரும் வந்தது. ஒரு வருடத்தில் கைவிட்டும் விட்டார்கள். அப்புறம் கொலம்பியா என்ற இன்னொரு சினிமாக் கம்பனியில் ஆறு மாதம். படம் இல்லாத அந்த நாட்களில் மொரானின் டொலர்தான் கைகொடுத்தது. நாலு வருடம் போனார்.

மொரான் முதலில் போட்டோ எடுப்பார், பிறகு அதைப் பார்த்துப் பெஸ்டல் வண்ணக் குச்சியால் வரைவார். தன் கால்கள் மெலிவு என்று மர்லினுக்குக் குறை. மொரான் படத்தில் சதை வைத்துவிடுவார். உள்ளதைவிட நல்ல கால்கள் தந்தவர் என்று மர்லினே அவரைப் பாராட்டியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் ஜிந்துப்பிட்டியில் ஓர் அச்சகத்தில் புரூப் பார்த்த காலத்தில், செட்டியார் தெரு நகைக்கடை முதலாளி ஒருவர் இலட்சுமி கலண்டரைத் திருப்பி அனுப்பினார். மூக்குத்தி சின்னதாம்! கல்லைப் பெரிதாக்கிக் கொடுத்த பிறகுதான் மிச்சக் காசு வந்தது.

வியாபாரமும் ஏறக்குறைய அதேதான். மொரானின் படங்களை அச்சிட்ட பிரவுன் அன்ட் பிகலோ கம்பனி, கலண்டரில் கடையின் பெயரைப் போட்டு விற்கும்; கடைக்காரர் வாடிக்கையாளருக்குச் சும்மா கொடுப்பார். அங்கே கராஜ் சுவர், இங்கே சாமியறை.

அம்மா பயப்படுவது, சிவப்பு வெல்வெட்டில் மர்லின் உடையில்லாமல் இருக்கும் கலண்டர் படத்துக்காக இருக்கலாம். அது வேறு. 1949இல் டொம் கெலி எடுத்த போட்டோ, மர்லினுக்குக் கிடைத்தது 50 டொலர். உங்களுடையது வரைந்த படம் என்கிறீர்களே, சரி, அம்மாவிடம் அப்படியே சொல்லுங்கள்.

செலோடேப் மட்டும் ஒட்ட வேண்டாம். கொழும்புப் புழுக்கத்துக்குத் தாள் மஞ்சளாகிவிடும். கீழே திகதித் தாள்கள் கிழியாமல் இருந்தால் எந்த ஆண்டு என்று எழுதுங்கள்.